மீதி இரண்டு சதவீதம் யார்?

கொச்சியின் காக்கநாட்டில் இன்ஃபோபார்க் தொடங்கியது 2004இல். அதே ஆண்டுதான் சிக்காகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் பிரவுசரைத் தானாக ஓட்டிச் சோதிக்கும் செலினியத்தை எழுதினார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் இரண்டும் வளர வளர நம் தொழில் அடியோடு மாறிப்போனது. அன்றைக்கு டெஸ்டர் என்றால், பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரை திரையாக க்ளிக் செய்பவர். இன்றைக்கு அந்த க்ளிக்கையெல்லாம் ராத்திரியில் மெஷின் செய்து முடித்துவிடுகிறது. காலையில் நாம் வந்து உட்காரும்போது காத்திருப்பவை முடிவுகள், ஆயிரக்கணக்கில்.

கோவையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் படித்து முடித்த கையோடு வந்து, இங்கே பி.ஜி.யில் ஒரு கட்டில் பிடித்து, மட்ட அரிசிச் சோற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். டெவலப்மெண்ட் கிடைக்காமல் டெஸ்டிங்கில் போட்டுவிட்டார்களே என்று சிலருக்கு முகம் வாடியிருக்கும். வாட்டம் போக வழி தெரியாது. ஆனால் வேலை சுவையாக வழி தெரியும். மலையாளிப் பிள்ளைகள் என்னை சேச்சி என்பார்கள், நீங்கள் அக்கா என்பீர்கள். எப்படிக் கூப்பிட்டாலும் சரி, இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. "நேற்று ராத்திரி ரன் 98 சதவீதம் பாஸ்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். ஐயாயிரம் டெஸ்டில் 98 சதவீதம் என்றால் 100 டெஸ்ட் விழுந்திருக்கிறது. முந்தின நாளும் 98தான். அப்படியானால் ஒன்றும் மாறவில்லையா? முந்தின நாள் விழுந்த 100இல் 40 சரியாகி, வேறு 40 புதிதாக விழுந்திருந்தாலும் கணக்கு அதே 98தான் காட்டும். அந்தப் புதிய 40இல் பணம் கட்டும் திரை இருக்கலாம்.

ஆகவே தினமும் மூன்று பட்டியல் எடுங்கள். நேற்று பாஸ் ஆகி இன்று விழுந்தவை, நேற்று விழுந்து இன்று பாஸ் ஆனவை, இரண்டு நாளும் விழுந்தவை. முதல் பட்டியலை உடனே பாருங்கள். இரண்டாவதை ஏன் என்று கேளுங்கள். யாரும் கைவைக்காமல் தானாகச் சரியான டெஸ்டை நான் நம்புவதில்லை. மூன்றாவதுக்கு ஒரு பொறுப்பாளர் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

2. ஞாயிற்றுக்கிழமை ஃபோர்ட் கொச்சிக்குப் போனால் சீன வலையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், வெளி என்ற இடத்திலிருக்கும் தோபி கானாவையும் பாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழ் நாட்டுப் பக்கமிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே துவைக்கிறார்கள். கிளிப்பே கிடையாது, முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிக் காயப்போடுகிறார்கள். இப்படிக் கொடி முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தொங்கும் வேட்டிகளில் எது யாருடையது? சலவைக்குறி இருந்தால்தான் சொல்ல முடியும். டெஸ்டுக்கும் அப்படி ஒரு அழியாக் குறி வேண்டும். இன்றைய முடிவையும் போன மாதத்து முடிவையும் ஒரே டெஸ்டின் முடிவுகள் என்று சேர்ப்பதற்கு வேறு ஆதாரம் கிடையாது.

பெயரையே குறியாக வைத்தால் என்ன ஆகும்? ஒருவர் டெஸ்டின் பெயரைத் திருத்தினால் பழைய டெஸ்ட் செத்து, வரலாறே இல்லாத புது டெஸ்ட் ஒன்று பிறந்ததாகக் கணக்கு சொல்லும். இதைவிட மோசம், ஒரே டெஸ்டைப் பல தரவுகளோடு ஓட்டும்போது வரும் வரிசை எண். ஜிஎஸ்டி கணக்கை 5, 12, 18, 28 என்ற பழைய நான்கு விகிதங்களுக்கும் சோதித்துவந்தீர்கள் என்று வையுங்கள். ஜேயூனிட் அவற்றுக்கு 1, 2, 3, 4 என்று எண் போடும். 2025 செப்டம்பர் 22 முதல் புது விகிதங்கள் நடைமுறைக்கு வந்தன. உங்கள் குழுவில் ஒருவர் 12ஐயும் 28ஐயும் எடுத்துவிட்டு 40ஐச் சேர்க்கிறார். இப்போது 2ஆம் எண் 18 சதவீதத்தைச் சோதிக்கிறது. "2ஆம் எண் டெஸ்ட் ஆறு மாதமாக விழுந்ததே இல்லை" என்று நீங்கள் எடுத்துக்காட்டும் வரலாறு முக்கால்வாசி 12 சதவீதத்தின் வரலாறு. வரிசை எண்ணை விட்டுவிட்டு 'ஜிஎஸ்டி-18' என்று நீங்களே பெயர் வைத்துவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான்.

3. கேள்வி கேட்கும் முன் மூலக் கோப்பைத் திறந்து பாருங்கள். டேஷ்போர்டு அழகாகத்தான் இருக்கும், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்குக் கீழே கிடப்பது பெரும்பாலும் ஜேயூனிட் பாணி எக்ஸ்எம்எல் கோப்பு. ஜேயூனிட்டை 1997இல் கென்ட் பெக்கும் எரிக் காமாவும் ஜூரிக்கிலிருந்து அட்லாண்டாவுக்குப் பறந்த விமானத்தில் எழுதினார்கள். இந்தக் கோப்பு வடிவம் பின்னால் ஆன்ட் என்ற பில்ட் கருவி வழியாகப் பரவியது. எந்தத் தர நிறுவனமும் இதற்கு ஒரே இலக்கணம் வகுத்துவைக்கவில்லை, ஆளாளுக்குக் கொஞ்சம் மாற்றி எழுதுகிறார்கள்.

அதைத் திறந்தால் ஒன்று கண்ணில் படும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் பெயர், வகுப்பு, பிடித்த நேரம் இருக்கும். விழுந்திருந்தால் உள்ளே 'ஃபெயிலியர்' என்றோ 'எரர்' என்றோ ஒரு குறிப்பு, தள்ளிவிட்டிருந்தால் 'ஸ்கிப்டு' என்று ஒன்று. பாஸ் ஆன டெஸ்டுக்கு எந்தக் குறிப்பும் கிடையாது. 'பாஸ்' என்ற சொல்லே அங்கே இல்லை. புகார் எழுதப்படாத டெஸ்ட் எல்லாம் பாஸ் என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். நடுவில் இருக்கும் மாற்றி ஏதாவது 'எரர்' குறிப்பைப் படிக்கத் தெரியாமல் விட்டுவிட்டால், விழுந்த டெஸ்ட் பச்சையாக உங்கள் முன்னால் வந்து நிற்கும்.

ஃபெயிலியரும் எரரும் ஒன்றல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜேயூனிட்டில் எதிர்பார்த்த விடை வராவிட்டால் ஃபெயிலியர். விடை வரை போகாமலே வேறெங்கோ இடறினால் எரர். பைடெஸ்டில் எல்லைக்கோடு வேறு மாதிரி. டெஸ்டின் உடலுக்குள் எது வெடித்தாலும் ஃபெயில்தான். முன்னேற்பாட்டில் வெடித்தால் எரர். உங்கள் ப்ராஜெக்டில் இரண்டு கருவியும் ஓடினால், "எத்தனை எரர்?" என்று இரண்டையும் சேர்த்து எண்ணுவதில் பொருள் இல்லை.

4. வராதவர்களைத் தேடுங்கள். விழுந்த டெஸ்ட் சத்தம் போடும். ஓடாத டெஸ்ட் வாயே திறக்காது.

முடிவுகளை டேட்டாபேஸில் போட்டு வைத்திருப்பீர்கள். "நிலை பாஸ் அல்லாதவற்றைக் கொடு" என்று எஸ்க்யூஎல்லில் கேட்கிறீர்கள். நடுவழியில் தொங்கிப்போன டெஸ்டுக்கு நிலை என்ற கட்டத்தில் எதுவுமே எழுதப்பட்டிருக்காது, அதாவது நல். நல்லை எதோடு ஒப்பிட்டாலும் எஸ்க்யூஎல்லுக்கு விடை ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது, தெரியாது என்றே வரும். தெரியாதவற்றை அது பட்டியலில் சேர்க்காது. ஆகவே பாஸ் பட்டியலிலும் அந்த டெஸ்ட் இல்லை, பாஸ் அல்லாத பட்டியலிலும் இல்லை. 'நல் ஆக இருப்பவற்றையும் கொடு' என்று தனியாகச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

அதைவிட ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. ஓட்டும் மெஷினே நினைவகம் போதாமல் பாதியில் செத்துவிட்டால் கோப்பே எழுதப்படாமல் போகலாம். வரியே இல்லாதபோது எந்த நிலையைத் தேடுவது? இதற்கு மருந்து, ஓட வேண்டிய டெஸ்டுகளின் பட்டியலைத் தனியாக வைத்துக்கொள்வது. அதை இடப்பக்கம் வைத்து முடிவுகளோடு சேர்த்தால் (லெஃப்ட் ஜாயின் இதற்காகத்தான் இருக்கிறது) வலப்பக்கம் காலியாக இருப்பவர்கள்தான் வராதவர்கள். மொத்தம் ஐயாயிரத்திலிருந்து நாலாயிரத்து எழுநூறாகக் குறைந்த அன்று சதவீதம் கூடிக்கூடத் தெரியும். குழு மின்னஞ்சலில் கைதட்டலும் கிடைக்கும்.

5. ஐந்தரை மணியை மறக்காதீர்கள்.

நம் நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் முந்தியது. சர்வர்கள் பெரும்பாலும் பொது நேரத்தில் எழுதுகின்றன. காலை 4 மணிக்குத் தொடங்கி 7 மணிக்கு முடியும் ரன், நமக்கு ஒரே நாள். சர்வருக்கு அது முந்தின இரவு பத்தரைக்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை ஒன்றரைக்கு முடிகிறது. "இன்றைய முடிவுகளைக் கொடு" என்று தேதி போட்டுக் கேட்டால் பாதி ரன் காணாமல் போகும். ரன்னுக்கு ஒரு எண் இருக்கும், அதை வைத்துக் கேளுங்கள்.

இது கேள்வியில் வரும் கோளாறு. டெஸ்டிலேயே வருவது இன்னும் வேடிக்கை. பில்லில் இன்றைய தேதி சரியாக விழுகிறதா என்று ஒரு டெஸ்ட். இரவு ரன்னில் விழுகிறது. காலை பத்து மணிக்கு டெவலப்பர் ஓட்டிப் பார்க்கிறார், பாஸ். "என் மெஷினில் ஓடுதே" என்கிறார், பொய் சொல்லவில்லை. மறுநாள் இரவு மீண்டும் விழுகிறது. இங்கே ரிப்போர்ட்டையே திரும்பத் திரும்பப் பார்த்துப் பயனில்லை. அந்த ஒரே ஒரு டெஸ்டின் எல்லா முடிவுகளையும் எடுங்கள், தேதியை மறைத்துவிட்டு மணியை மட்டும் வைத்து வரிசைப்படுத்துங்கள். நள்ளிரவு 12 முதல் காலை 5.29 வரை வரிசையாகச் சிவப்பு, 5.30 முதல் பச்சை என்று வந்தால் டெவலப்பரிடம் போய் ஒரு வரி சொன்னால் போதும்: ஓரிடத்தில் பொது நேரத்துத் தேதியையும் இன்னோரிடத்தில் இந்திய நேரத்துத் தேதியையும் எடுத்திருக்கிறீர்கள், அந்த நேரத்தில் அங்கே இன்னும் நேற்றுதான். ஐரோப்பிய க்ளையண்ட் என்றால் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரம் மாறும். அந்த இரண்டு வாரமும் ரன்னைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

6. விழுந்தால் மறுபடி ஓட்டிப் பார், பாஸ் ஆனால் விட்டுவிடு என்று கருவியில் ஒரு வசதி இருக்கும். இதை வைத்தவர்களை நான் திட்டமாட்டேன். ராத்திரி நெட்வொர்க் ஒரு நொடி தடுமாறியதற்காக ரிலீஸை நிறுத்த முடியாது. ஆனால் இரண்டாவது முயற்சியில் பாஸ் ஆனதற்காக முதல் முயற்சியின் வரியை அழிக்க விடாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் தனித்தனி வரியாக, முயற்சி எண்ணோடு இருக்க வேண்டும். மேவனின் ஷ்யூர்ஃபயர் இப்படிப் பாஸ் ஆனவற்றை 'ஃப்ளேக்கி' என்று தனிக் குறிப்போடு எழுதுகிறது. உங்கள் டேட்டாபேஸுக்குள் ஏற்றும் நிரல் அந்தக் குறிப்பை மதிக்கிறதா என்று பாருங்கள்.

ஃப்ளேக்கி டெஸ்ட் சின்னக் கடைகளின் வியாதி என்று நினைக்க வேண்டாம். கூகுளில் ஏறக்குறைய 16 சதவீத டெஸ்டுகளில் ஏதோ ஓரளவு தடுமாற்றம் இருப்பதாக அங்கே பணியாற்றிய ஜான் மிக்கோ 2016இல் எழுதினார். பாஸிலிருந்து ஃபெயிலுக்கு மாறியவற்றில் 84 சதவீதத்தில் ஃப்ளேக்கி டெஸ்டுக்குத் தொடர்பு இருந்ததாம். இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் 51 அப்பாச்சி ப்ராஜெக்டுகளில் செய்யப்பட்ட திருத்தங்களை அலசியபோது, பெரிய காரணமாக வந்தது சரியாகக் காத்திருக்காதது. பதில் வருமுன்பே டெஸ்ட் அடுத்த அடி எடுத்துவைத்துவிடுகிறது.

ஆகவே ஒரு டெஸ்டை ஃப்ளேக்கி என்று முத்திரை குத்துமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: ஒரே கமிட்டில், ஒரே சூழலில், இந்த டெஸ்ட் பாஸும் ஆகி ஃபெயிலும் ஆகியிருக்கிறதா? ஆம் என்றால் ஃப்ளேக்கி. வேறு வேறு கமிட்டில் மாறி மாறி வந்தது என்றால் அது கோடு மாறியதால் வந்ததாகவும் இருக்கலாம். உண்மையான பிழையை ஃப்ளேக்கி என்று மூலையில் போட்டால் அது க்ளையண்ட் வீட்டில் போய் விடியும்.

7. நூறு டெஸ்ட் விழுந்தால் நூறு பிழை என்று பயப்படாதீர்கள். பிழைச் செய்தியை வைத்துக் கூட்டம் பிரியுங்கள். செய்திக்குள் இருக்கும் ஆர்டர் எண், நேரம் போன்றவற்றை முதலில் நீக்கிவிட்டு எண்ணினால் நூறும் மூன்று நான்கு கூட்டமாகச் சுருங்கும். லாகின் விழுந்தால் அதைத் தாண்டிப் போக வேண்டியவை எல்லாமே விழத்தானே செய்யும்.

8. கேரளத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு நாள் இப்படி ஒரு முடிவு உங்கள் முன் வரும். எதிர்பார்த்தது: கொச்சி. வந்தது: கொச்சி. நிலை: ஃபெயில். கண்ணை எவ்வளவு தேய்த்தாலும் வித்தியாசம் தெரியாது.

'கொ' என்பதைக் கணினிக்குள் இரண்டு விதமாக எழுதலாம். 'க'வுக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே எழுத்தாகப் போடலாம். அல்லது ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு எழுத்தாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். எழுத்தெழுத்தாக ஒப்பிடும் டெஸ்டுக்கு அவை வேறு. மலையாளத்திலும் இந்த ஊர்ப் பெயருக்கு இதே கதிதான். ஒப்பிடுமுன் இரண்டையும் யூனிகோட் சொல்லும் ஒரே சீர்வடிவத்துக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

ஆனால் மலையாளச் சில்லெழுத்துக்கு இந்த மருந்து வேலை செய்யாது. ராஜன் என்ற பெயரின் கடைசி எழுத்தைப் பழைய முறையில் 'ந', சந்திரக்கலை, அதன்பின் கண்ணுக்குத் தெரியாத ஒரு இணைப்பான் என்று எழுதினார்கள். 2008இல் யூனிகோட் 5.1 சில்லுகளுக்குத் தனி எழுத்தே கொடுத்தது. பழைய வாடிக்கையாளர் பட்டியலில் பழைய ராஜன், புதுப் போனில் டைப் செய்தால் புது ராஜன். சீர்வடிவமாக்கினாலும் இருவரும் ஒருவராக மாட்டார்கள். நீங்களாகத்தான் மாற்றிக்கொடுக்க வேண்டும். முடிவுகளைச் சேமிக்கும்போது எதிர்பார்த்ததையும் வந்ததையும் எழுத்தின் யூனிகோட் எண்களாகவும் சேர்த்து எழுதிவைக்கச் சொல்லுங்கள். அரை நாள் மிச்சமாகும்.

9. பாஸ் ஆனவர்களையும் விசாரியுங்கள். எனக்குப் பிடித்த கேள்வி இது: நேற்று வரை பல நொடி எடுத்த எந்த டெஸ்ட் இன்று கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது? வேகம் கூடிவிட்டது என்று மகிழுமுன் உள்ளே பாருங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளின் விலையையும் சரிபார்க்கும் டெஸ்ட், பட்டியல் காலியாக வந்ததால் ஒன்றையும் பார்க்காமலே பாஸ் ஆகியிருக்கும். எந்தச் சிவப்பும் அதைக் காட்டிக்கொடுக்காது. பிடித்த நேரம் என்ற அந்த ஒரு கட்டம்தான் காட்டும்.

10. ஸ்கிப் ஆனவற்றைப் பழசிலிருந்து புதுசாக வரிசைப்படுத்துங்கள். 'தற்காலிகமாக' என்று பக்கத்தில் எழுதியவர் இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று விசாரித்துப் பாருங்கள்.

11. கடைசியாக எப்போது பாஸ், முதலில் எப்போது ஃபெயில்? இந்த இரண்டு ரன்னும் தெரிந்தால் நடுவில் இருக்கும் கமிட்டுகளில் ஒன்றுதான் குற்றவாளி. கிட்டில் பைசெக்ட் என்று ஒரு கட்டளை உண்டு. பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகும். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துத் தடவை ஓட்டினால் ஆள் அகப்படும். ஃப்ளேக்கி டெஸ்டை வைத்து இதைச் செய்யாதீர்கள், அப்பாவி மாட்டிக்கொள்வார்.

12. டெவலப்பரிடம் போய் "ஃபெயில் ஆகுது சேட்டா" என்று மட்டும் சொல்லி நிற்காதீர்கள். அவர் சிரித்துக்கொண்டே "ரீரன் அடிச்சுப் பாரு" என்பார், நீங்களும் தலையாட்டிவிட்டு வருவீர்கள். டெஸ்டின் முழுப்பெயர், ரன் எண், கமிட், எந்தச் சூழல், எந்தப் பிரவுசர் பதிப்பு, கடைசிப் பாஸ், முதல் ஃபெயில், பிழைச் செய்தியின் முதல் வரி, லாக் கோப்பின் முகவரி ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். வாட்டர் மெட்ரோவில் சிற்றேத்துக்கரையிலிருந்து வைற்றிலா போய்ச் சேருமுன் போனிலேயே படித்து முடிக்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

13. இதெல்லாம் பழைய முடிவுகள் கையில் இருந்தால்தான் நடக்கும். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் லாகும் கோப்புகளும், நீங்கள் மாற்றாவிட்டால், 90 நாளில் அழிந்துவிடும். ஜென்கின்ஸிலும் பழைய பில்டுகளைக் கழித்துவிடும் அமைப்பை யாராவது போட்டிருப்பார்கள். அதற்கு முன் ஒவ்வொரு டெஸ்டின் முடிவையும் ஒரு வரியாக உங்கள் டேட்டாபேஸுக்குள் இழுத்துவிடுங்கள். ஐயாயிரம் டெஸ்ட், தினம் ஒரு ரன் என்றால் ஆண்டுக்கு 18,25,000 வரி. டெஸ்டின் குறி, நேரம் இரண்டுக்கும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் போட்டால் எந்த டேட்டாபேஸும் அதை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். இடத்தைத் தின்பது ஸ்கிரீன்ஷாட்டும் வீடியோவும்தான். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று அட்மின் வந்து நின்றால் பழைய வீடியோக்களை அழிக்கச் சொல்லுங்கள், வரிகளில் கைவைக்க விடாதீர்கள்.